டீசல் லொறிக்கு வலுக் கூட்டுதல்: எங்கே தொடங்குவது?

கடந்த இதழில் இருசில்லு உழவு இயந்திரத்தின் பராமரிப்புப் பற்றி எழுதியிருந்தோம். அதனை வாசித்த குடும்பங்கள் சில எம்மைச் சந்தித்தபோது உழவு இயந்திரத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. லொறியைப் பற்றியே கேட்டன. "எங்கட எல்ஃப் பாரத்தோட ஏத்தம் ஏறுதில்லை. பம்பைக் கொஞ்சம் கூட்டிவிட்டால் சரிவருமோ? ரேர்போ பூட்டினால் என்ன?" கேள்வி நியாயமானது. ஆனால் இதற்கு ஒரு வரியில் பதில் சொன்னால் அது கேட்டவருக்குத் தீங்காகவே முடியும். எனவே இந்தப் பாடத்தை முழுவதுமாக லொறிக்கே ஒதுக்குகின்றோம்.

1990இலும் 1995இலும் அதன் பின்னரும் நாம் இடம்பெயர்ந்தபோது காணியும் கிணறும் அங்கேயே நின்றுவிட்டன. சில்லுப் பூட்டியவை மட்டுமே எம்முடன் வந்தன. இன்னமும் சொந்தக் காணிக்குத் திரும்பாத குடும்பங்கள் குத்தகைக் காணியிலே பயிர் செய்கின்றன. நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து, நகையை அடகு வைத்து, பழைய லொறி ஒன்றை வாங்கி விளைச்சலைத் தாங்களே சந்தைக்குக் கொண்டு போவது இப்போது பல இடங்களில் நடக்கின்றது. இப்படிப்பட்ட லொறியின் இயந்திரம் பழுதானால் அந்தப் போகத்தின் வருமானமே நின்றுவிடும். எங்கள் குழுவுக்கு அது நேர்ந்தது. முதலில் அதனைச் சொல்கின்றோம்.

2013ஆம் ஆண்டு ஆவணி மாதம். எங்கள் ஐந்து குடும்பங்களின் லொறி, 4பீடீ1 என்னும் இயந்திரம் பூட்டிய பழைய இசுசு எல்ஃப். நான்கு சிலிண்டர், 3856 கனசென்ரிமீற்றர், ரேர்போ இல்லாதது. ஏறத்தாழ நூறு பரிவலு தரும் வகுப்பைச் சேர்ந்தது. மூன்றரைத் தொன் பூசணிக்காயுடன் தம்புள்ளைக்குப் போனால் அங்கே விலை விழுந்திருக்கும் என்ற செய்தி முன்னரே வந்துவிட்டது. கண்டிச் சந்தைக்குப் போவோம் என்று முடிவெடுத்தோம். நாலந்தைக்கு அப்பால் மாத்தளைப் பக்கம் ஏற்றம் உண்டு. லொறியோ சில மாதங்களாகவே இழுவை குறைந்து, குளக்கட்டு ஏறுவதற்கே இரண்டாம் கியர் கேட்டுக்கொண்டிருந்தது. புறப்படுவதற்கு முதல் நாள் கராஜ் ஒன்றுக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த மெக்கானிக் பம்பின் ஈய முத்திரையை உடைத்து, திருகாணியை அரை முறுக்குக் கூட்டிவிட்டார். சைலன்சரில் கரும்புகை தள்ளியது. "புகை வந்தால்தான் அண்ணை இழுவை" என்றார். நாங்களும் நம்பினோம்.

மதவாச்சி, மிகிந்தலை கடந்து தம்புள்ளை வரைக்கும் லொறி பறந்தது. எங்கள் சாரதி அந்த மெக்கானிக்கை வாயார வாழ்த்திக்கொண்டே ஓட்டினார். ஏற்றம் தொடங்கியதும் வெப்பமானியின் முள் மெல்ல மெல்ல மேலே போயிற்று. நிறுத்தி ஆறவிட்டிருக்க வேண்டும். விடியுமுன் சந்தைக்குப் போகாவிட்டால் விலை இல்லை என்ற பயத்திலே நிறுத்தவில்லை. பிறகு தகரத்திலே சுத்தியலால் அடிப்பது போன்ற சத்தம் கேட்டது. வலு முழுவதும் போய்விட்டது. இயந்திரத்தைப் பிரித்தபோது மூன்றாம் சிலிண்டரின் பிஸ்ரன் தலை, மெழுகுதிரி போல உருகிக் குழிவிழுந்திருந்தது. பூசணிக்காயை வேறு லொறிக்கு மாற்றி, கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு வந்தோம். அடகு வைத்த நகை அந்த ஆண்டு மீளவில்லை.

இதிலே எங்களை அதிகம் வருத்தியது செலவு அல்ல. பிரித்த இயந்திரத்தை முதிய மெக்கானிக் ஒருவரிடம் காட்டியபோது அவர் இயந்திரத்தைப் பார்க்கவேயில்லை. வளி வடிகட்டியில் இருந்து இயந்திரத்துக்குப் போகும் றப்பர் ஹோசைக் கழற்றி எங்கள் கையிலே தந்தார். வெளியே நல்ல ஹோஸ். உள்ளே அதன் உட்தோல் பிரிந்து, பாதி வழியை அடைத்துக்கொண்டிருந்தது. "தம்பியவை, மாடு இளைச்சது தீனி இல்லாமல். நீங்கள் துவரங்கம்பை எடுத்து அடிச்சிருக்கிறியள்" என்றார்.

வலு எங்கிருந்து வருகின்றது

பெற்றோல் இயந்திரத்திலே அக்சிலறேற்றரை மிதித்தால் வளியும் பெற்றோலும் சேர்ந்து கூடுகின்றன. டீசல் இயந்திரம் அப்படியல்ல. அது ஒவ்வொரு முறையும் இழுக்கக்கூடிய வளி முழுவதையும் இழுக்கின்றது. அக்சிலறேற்றர் கூட்டுவதும் குறைப்பதும் டீசலை மட்டுமே. உள்ளே இழுத்த வளியைப் பிஸ்ரன் பதினேழில் ஒரு பங்காக நெருக்க, அது டீசல் தானே தீப்பற்றும் அளவுக்குச் சூடாகின்றது. அப்போது நொசில் டீசலைப் பனிப்புகை போலத் தூவுகின்றது.

ஒரு லீற்றர் டீசல் முழுதாக எரிவதற்கு 10,000 லீற்றருக்கு மேற்பட்ட வளி வேண்டும். உண்மையிலே அதனிலும் மிகுதியாக இருந்தாற்றான் புகையின்றி எரியும். எங்கள் எல்ஃப் போன்ற இயந்திரம் நிமிடத்துக்கு 3000 சுற்றுச் சுற்றும்போது நிமிடத்துக்கு ஏறத்தாழ 5000 லீற்றர் வளியைக் குடிக்கின்றது. இரண்டு மூன்று தண்ணீர்ப் பவுசரின் கொள்ளளவுக்குச் சமமான வளி, ஒரு கைப்பிடி அகலக் குழாய்க்குள்ளால், ஒவ்வொரு மூன்று நிமிடமும் போகவேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். அந்த வழியில் சிறு அடைப்பு வந்தாலும் என்ன நடக்கும் என்பது விளங்கும்.

வளி உள்ள அளவுக்கே டீசல் எரியும். மிஞ்சிய டீசல் கரியாகிக் கரும்புகையாகப் போகின்றது. போகும் வழியிலே பிஸ்ரனையும் வால்வையும் சுடுகின்றது. எனவே கரும்புகை என்பது வலுவின் அடையாளமன்று. நாம் காசு கொடுத்து வாங்கிய டீசல் வேலை செய்யாமல் வெளியே போகின்றது என்பதன் அடையாளம் அது. புகைக்கு வேறு நிறங்களும் உண்டு. நீலம் கலந்திருந்தால் ஒயில் எரிகின்றது. றிங் அல்லது வால்வுப் பக்கம் தேய்ந்திருக்கலாம். இயந்திரம் சூடான பின்னரும் கண்ணை எரிக்கும் வெள்ளைப் புகை வந்தால் டீசல் எரியாமலே வெளியேறுகின்றது. நெருக்கல் குறைவு, ரைமிங் பிந்தியது, நொசில் பழுது ஆகியவற்றுள் ஒன்று. மணமில்லாத வெள்ளை ஆவியோடு ரேடியேற்றர்த் தண்ணீரும் குறைந்துகொண்டு வந்தால் ஹெட் கஸ்கற்றைச் சந்தேகிக்க வேண்டும்.

இழந்த வலுவை மீட்டல்

பழைய லொறிக்கு வலுக் கூட்டுவது என்று நாம் சொல்வதிலே பெரும்பகுதி, அது இழந்துவிட்ட வலுவைத் திரும்பப் பெறுவதுதான். தொழிற்சாலையிலிருந்து வந்தபோது மூன்றரைத் தொன்னுடன் ஏறிய லொறி இன்று ஏறவில்லையென்றால், நூறு பரிவலுவில் முப்பதோ நாற்பதோ எங்கேயோ ஒழுகுகின்றது. ஒழுக்கை அடைக்காமல் மேலே ஊற்றுவது எவருக்கும் கட்டுப்படியாகாது.

முதலிலே ஒரு சதமும் செலவில்லாத சோதனை. ஒருவர் ஆசனத்தில் இருந்து அக்சிலறேற்றரை அடிமட்டம் வரை மிதிக்கட்டும். இயந்திரம் ஓடக்கூடாது. மற்றவர் பம்பிலே உள்ள நெம்பைப் பார்க்கட்டும். நெம்பு தன் எல்லை ஆணியில் போய்த் தொடுகின்றதா? கேபிள் இழுபட்டுத் தளர்ந்து, நெம்பு முக்கால் வழியில் நிற்கும் லொறிகளை நாம் கண்டிருக்கின்றோம். அவற்றின் சொந்தக்காரர் நொசில் மாற்றி, பில்ரர் மாற்றி, ஒன்றும் சரிவராமல் எம்மிடம் வந்தவர்கள். கேபிளின் நட்டைச் சற்றுத் திருப்பியதும் லொறி திருந்தியது. அதேபோலப் பாரமில்லாத லொறியைச் சமதரையில் நியூற்றலில் விட்டுத் தள்ளிப் பாருங்கள். இரண்டு பேர் தள்ளியும் அசையவில்லையென்றால் பிறேக் பிடித்துக்கொண்டிருக்கலாம். ரயரில் காற்றுக் குறைவாக இருக்கலாம்.

அடுத்தது வளி. சிறுபோக அறுவடைக் காலத்திலே கிரவல் வீதியில் ஓடும் லொறிக்கு வடிகட்டி மாதக்கணக்கிலே நிற்காது. கடதாசி வடிகட்டியை அமுக்கக் காற்றால் ஊதித் திரும்பத் திரும்பப் பாவிப்பது எம்மிடையே வழக்கம். இரண்டொரு தடவைக்கு மேல் அப்படிச் செய்வதை நாம் விரும்புவதில்லை. கடதாசியில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல் ஏற்படும். இருட்டிலே வடிகட்டிக்குள் ஒரு ரோர்ச் வெளிச்சத்தைப் பிடித்துப் பாருங்கள். எங்காவது ஊசிமுனை வெளிச்சம் வந்தால் எறிந்துவிடுங்கள். அந்தத் துளையால் போகும் புழுதி லைனரையும் றிங்கையும் அரம் போல அராவும். வடிகட்டிக்குப் பின்னாலுள்ள ஹோசையும் கழற்றி உள்ளே கைவிட்டுப் பார்க்க வேண்டும். எங்கள் கதை உங்களுக்குத் தெரியும். வெளியேறும் வழியையும் மறவாதீர்கள். கரிபிடித்த சைலன்சர், மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடச் சொல்வது போன்றது.

மூன்றாவது டீசல். இதிலே நம்மவர்களுக்குக் கசப்பான பழக்கம் உண்டு. 1990களிலே பொருளாதாரத் தடைக் காலத்தில் வடக்கிலே மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டிச் சமாளித்தோம். அந்தச் சாமர்த்தியத்தை இன்றும் சிலர் கைவிடவில்லை. விலை குறைவான நேரத்திலே மண்ணெண்ணெயைக் கலக்கின்றார்கள். டீசலுக்குத் தன்னிலேயே ஒருவகை வழுவழுப்பு உண்டு. பம்பின் உள்ளுறுப்புகளும் நொசில் ஊசியும் அந்த வழுவழுப்பிலேயே உயிர் வாழ்கின்றன. மண்ணெண்ணெயிலே அது குறைவு. அன்று வேறு வழியிருக்கவில்லை. இன்று அதனைச் செய்வது பம்பை அடகு வைத்து டீசல் வாங்குவதற்கு ஒப்பாகும்.

2022இல் டீசல் தட்டுப்பாடு வந்தபோது பீப்பாவிலும் கானிலும் சேமித்தவர்கள் பலர். அப்படிச் சேர்ந்த டீசலிலே தண்ணீரும் துருவும் இருப்பது வழமை. தாங்கியின் அடி ஆணியைக் காலையில், லொறியை அசைக்குமுன் கழற்றி, ஒரு வெள்ளைப் போத்தலில் கொஞ்சம் பிடித்துப் பாருங்கள். அடியில் தண்ணீர் தனியாகத் தெரியும். பில்ரரை நேரத்துக்கு மாற்றுவதும், மாற்றிய பின்னர் கைப்பம்பால் அடித்துக் காற்றை முழுதாக வெளியேற்றுவதும் அவசியம். தாங்கிக்கும் பம்புக்கும் இடைப்பட்ட குழாயிலே எங்காவது காற்று உறிஞ்சினால் வெளியே டீசல் ஒழுகாது. ஆகவே கண்ணுக்குத் தெரியாது. ஏற்றத்திலே இயந்திரம் விக்கி விக்கி ஓடுவதே அதன் குறி.

நொசில்களைக் கழற்றிச் சோதனைப் பம்பிலே பூட்டிப் பார்ப்பதற்கு டீசல் பம்ப் வேலை தெரிந்தவரிடம் போகவேண்டும். நல்ல நொசில் 'கிர்' என்ற சத்தத்தோடு மெல்லிய புகைபோலத் தூவி, தூவி முடிந்ததும் நுனி காய்ந்திருக்கும். பழுதானது தண்ணீர்க் குழாய் போலப் பீச்சும். நுனியிலே சொட்டு நிற்கும். எங்கள் மூன்றாம் சிலிண்டரின் நொசில் அப்படித்தான் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டும் நொசில், கூட்டிய பம்ப், குறைந்த வளி ஆகிய மூன்றும் ஓரிடத்தில் கூடியதாலேயே அந்தப் பிஸ்ரன் உருகியது.

ஓர் எச்சரிக்கை. நொசில் தூவும்போது கையை அதன் முன்னால் நீட்ட வேண்டாம். அந்த அமுக்கத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தியது போன்ற சிறு காயமே தெரியும். நோவும் முதலிலே பெரிதாக இராது. அப்படி நேர்ந்தால் மஞ்சளைப் பூசிக்கொண்டு வீட்டிலிருக்காமல் உடனே வைத்தியசாலைக்குப் போய், டீசல் தோலுக்குள் போய்விட்டது என்று தெளிவாகச் சொல்லுங்கள். பிந்தினால் விரலையோ கையையோ இழக்க நேரும்.

நான்காவது வால்வு இடைவெளி. இந்த 4பீடீ1 இயந்திரத்துக்கு, அது குளிர்ந்திருக்கும்போது 0.40 மில்லிமீற்றர். எரியும் ஒழுங்கு 1-3-4-2. தகட்டு அளவுகோல் ஒன்று கையில் இருந்தால், ஒருமுறை கற்றுக்கொண்டவர் ஒரு காலைப்பொழுதில் தாமே செய்யலாம். வேறு இயந்திரமாயின் அதன் கையேட்டைப் பார்க்க வேண்டும். ஒன்றின் அளவை மற்றதற்கு வைக்கக்கூடாது. ரைமிங்கைப் பொறுத்தவரை, முந்தினால் அடிக்கும் சத்தமும் சூடும் கூடும், பிந்தினால் வலுக் குறையும் என்பதை அறிந்திருந்தாற் போதும். திருத்துவதைத் தெரிந்தவரிடம் விடுங்கள்.

இவ்வளவும் செய்த பின்னரும் வலு வரவில்லையென்றால் கொம்பிறஷன் என்று மெக்கானிக்மார் சொல்லும் நெருக்கலைப் பார்க்க வேண்டும். அளப்பதற்குக் கருவி உண்டு. நாலு சிலிண்டருக்குள்ளும் பெரிய வேறுபாடு இருக்கக்கூடாது. கருவி இல்லாதபோது, ஓடும் இயந்திரத்தின் ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். புட்டுப் பானையிலே ஆவி வருவது போலத் தொடர்ந்து புகை தள்ளினால், எரிந்த வாயு றிங்கைத் தாண்டிக் கீழே இறங்குகின்றது. அந்த இயந்திரத்தைப் பிரித்துத்தான் ஆகவேண்டும். அதற்குப் பம்பைக் கூட்டுவதும் ரேர்போ பூட்டுவதும் சாகக் கிடப்பவனை ஓட்டப் பந்தயத்துக்கு அனுப்புவதாகும்.

சூடு

எரியும் டீசலின் சக்தியில் மூன்றிலொரு பங்கு அல்லது அதற்குச் சற்று மேலேதான் சில்லைச் சுழற்றுகின்றது. ஏறத்தாழ இன்னொரு பங்கு புகையோடு போகின்றது. மிச்சம் தண்ணீருக்கும் ஒயிலுக்கும் இறங்குகின்றது. ஆகவே வலுவைக் காற்பங்கு கூட்டினால் ரேடியேற்றர் வெளியேற்ற வேண்டிய சூடும் ஏறக்குறையக் காற்பங்கு கூடும். இருக்கிற சூட்டையே வெளியேற்ற முடியாத ரேடியேற்றருடன் வலுக் கூட்டப் போவது விபரீதம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணற்றுத் தண்ணீர் சுண்ணக்கல்லிலே ஊறியது. கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படிவை எல்லோரும் கண்டிருப்பீர்கள். அதே படிவு ரேடியேற்றரின் மெல்லிய குழாய்களிலும் இயந்திரத்தின் தண்ணீர் அறைகளிலும் படிகின்றது. கேத்தலாவது சுரண்டுவதற்குக் கைக்கு எட்டும். எங்கள் ரேடியேற்றரைப் பிரித்தபோது மூன்றில் ஒரு பங்கு குழாய்கள் அடைபட்டிருந்தன. இதனை அறிய ஒரு வழி: நன்றாக ஓடி வந்த லொறியை நிறுத்தி, இயந்திரத்தையும் நிறுத்திய பின்னர், ரேடியேற்றரின் முகப்பிலே கையைக் கவனமாக அங்குமிங்கும் வைத்துப் பாருங்கள். மற்ற இடம் சுட, ஓரிடம் மட்டும் குளிர்ந்திருந்தால் அவ்விடத்துக் குழாய்களிலே தண்ணீர் ஓடவில்லை. செம்பு, பித்தளை ரேடியேற்றரானால் மேற்றட்டைக் கழற்றிக் கம்பி விட்டுத் துப்புரவாக்குவார்கள். அதன் பின் கிணற்றுத் தண்ணீரை ஊற்றாதீர்கள். கடையிலே விற்கும் பச்சை நிறக் கூலன்ற் நம்மூருக்குத் தேவையில்லை, அது குளிர் தேசத்துக்குரியது என்று சொல்பவர்கள் உண்டு. உறைபனி நமக்கில்லை என்பது உண்மை. ஆனால் அது துருவைத் தடுக்கின்றது, கொதிநிலையையும் உயர்த்துகின்றது. வாங்க முடியாத குடும்பங்கள் கூரையிலிருந்து பிடித்துத் தெளியவிட்ட மழைத்தண்ணீரையாவது பாவிக்கலாம்.

ரேடியேற்றரின் மூடி வெறும் மூடியல்ல. அதிலுள்ள வில் தண்ணீரை அமுக்கத்திலே வைத்திருக்கின்றது. அரை வளிமண்டல அமுக்கம் கூடினால் தண்ணீர் 100 பாகையில் அல்லாமல் 111, 112 பாகை செல்சியசிலேயே கொதிக்கும். றப்பர் வெடித்த மூடியை வைத்துக்கொண்டு 'தண்ணி கொதிக்குது' என்று அழுவதில் பயனில்லை. அடுத்தது தேர்மோஸ்ரற். சூடு கூடினால் அதைக் கழற்றி எறிவது நம் நாட்டு மெக்கானிக்மாரின் முதல் வைத்தியம். எறிந்தால் இயந்திரம் சமதரையில் அளவுக்கு மீறிக் குளிர்ந்து ஓடும். டீசல் சரியாக எரியாது. லைனர் விரைவில் தேயும். பல இயந்திரங்களிலே தண்ணீரின் ஒரு பகுதி ரேடியேற்றருக்குப் போகாமலே சுற்றத் தொடங்கிவிடும். ஏறத்தாழ 82 பாகையில் திறப்பது வழமையானது. சுடுதண்ணீர்ச் சட்டியிலே போட்டுப் பார்த்தால் திறக்கின்றதா என்பது தெரிந்துவிடும்.

ஒயிலைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. டீசல் இயந்திரத்துக்கென்று குறித்த 15டபிள்யூ-40 ஒயில், நேரத்துக்கு மாற்றம், ஒவ்வொரு மாற்றத்துடனும் புதிய பில்ரர். போத்தல் முத்திரை உடையாத ஒயிலையே வாங்குங்கள்.

மேலதிக வலு வேண்டுமானால்

நாங்கள் இயந்திரத்தைத் திருத்தி, பம்பைச் சோதனை மேசையில் ஏற்றி நாலு சிலிண்டருக்கும் சம அளவு டீசல் போகுமாறு பழைய கணக்குக்கே கொண்டுவந்து, முத்திரையும் இட்டோம். ஆயிரம் கிலோமீற்றர் அரைப் பாரத்தோடு ஓடி, ஒயில் மாற்றிய பின்னர் அதே பாரத்தோடு அதே ஏற்றத்துக்குப் போனோம். முன்பு இரண்டாம் கியரில் முக்கிய இடத்தை மூன்றாம் கியரில் ஏறினோம். புகை இல்லை. முள் நடுவைத் தாண்டவில்லை. திருகாணி கூட்டாமல் கிடைத்த வலு அது.

இதற்கும் மேலே வேண்டும் என்பவர்களுக்கே ரேர்போ. வெளியேறும் புகையின் வேகத்தாலே சுழன்று, வளியை அமுக்கி உள்ளே தள்ளும் சிறு சுழலி அது. நிமிடத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சுற்றுச் சுற்றும். வளி கூடுவதனால் டீசலையும் கூட்ட முடிகின்றது. இதுவே நேர்மையான வலுக் கூட்டல். பம்பை மட்டும் கூட்டுவது பாதி வேலை. ஆனால் பாவித்த ரேர்போ ஒன்றை வாங்கிப் பழைய இயந்திரத்திலே பூட்டுவதோடு வேலை முடிவதில்லை. அதற்குத் தனி ஒயில் வழி வேண்டும். பெரிய வழியுள்ள சைலன்சர் வேண்டும். ரேடியேற்றர் போதுமானதாக இருக்க வேண்டும். ரேர்போவுக்கென்றே செய்த இயந்திரங்களிலே பிஸ்ரன் வேறாக இருக்கும். பலவற்றில் பிஸ்ரனின் அடியிலே ஒயிலைப் பீச்சிக் குளிர்விக்கும் சிறு குழாய்களும் இருக்கும். சாதாரண இயந்திரத்திலே அவை இல்லாதபோது மென்மையான அமுக்கத்தோடு நிற்க வேண்டும். புகைக்குழாயின் தொடக்கத்திலே ஒரு வெப்பமானி பூட்டாமல் எவரும் இதிலே இறங்கக்கூடாது என்பது எங்கள் உறுதியான அபிப்பிராயம். தண்ணீரின் முள் காட்டுவதற்கு முன்பே பிஸ்ரன் உருகிவிடும். புகையின் வெப்பம் 700 பாகையை நெருங்கினால் காலை எடுத்து, கீழ்க் கியருக்கு மாற்ற வேண்டும்.

எங்களைக் கேட்டால், வாரந்தோறும் மலை ஏறும் லொறிக்கு, ரேர்போவுடனேயே தொழிற்சாலையில் செய்த 4பீடீ1ரீ போன்ற முழு இயந்திரம் ஒன்றை நல்ல நிலையிலே தேடி வாங்குவது ஒட்டுப்போடுவதிலும் மேல். இயந்திரம் மாற்றினால் அதன் இலக்கத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலே பதிந்துகொள்ள வேண்டும். வீதிச் சோதனையில் பிடிபட்டால் விளக்கம் சொல்வதே பெரும் பாடாகிவிடும். 2008இல் நாட்டிலே தொடங்கிய வாகனப் புகைப் பரிசோதனையையும் நினைவிற் கொள்ளுங்கள். கரும்புகை தள்ளும் லொறி அதிலே தேறாது; தேறாவிட்டால் வருமான அனுமதிப்பத்திரம் கிடைக்காது. மாதத்தில் இருமுறை தம்புள்ளைக்குப் போய்வரும் லொறிக்கு இவை எதுவும் தேவையில்லை. அதற்குக் கீழ்க் கியரும் பொறுமையும் போதும்.

வலுக் கூடியது என்பதற்காகப் பாரத்தைக் கூட்டவும் வேண்டாம். பிறேக்கும் வில்லுத் தகடும் ரயரும் பழைய கணக்கிலேயே இருக்கின்றன. ஏறிய லொறி இறங்கவும் வேண்டும்.

கொமன் றெயில் என்னும் புதுவகைப் பம்ப் பூட்டிய லொறிகளுக்கு நாம் இங்கே சொன்னவற்றில் வளி, சூடு, ஒயில், டீசல் துப்புரவு ஆகியவை மட்டுமே பொருந்தும். அவற்றின் குழாய் நட்டை ஓடும்போது தளர்த்துவது உயிராபத்து. பழைய பழக்கத்திலே காற்று எடுக்கப் போகாதீர்கள்.

எங்கள் லொறியின் ஆசனத்துக்குப் பின்னால் இப்போது ஒரு பாடசாலைக் கொப்பி இருக்கின்றது. எந்தக் குடும்பத்தின் முறை என்றாலும் ஓட்டியவர் அதிலே திகதி, கிலோமீற்றர், அடித்த டீசல், சேர்த்த ஒயில், சேர்த்த தண்ணீர், ஏற்றத்தில் முள் நின்ற இடம் ஆகியவற்றை எழுத வேண்டும். முதலிலே சண்டைதான் வந்தது. டீசலைத் திருடுகின்றோம் என்று சந்தேகப்படுகிறீர்களோ என்று ஒருவர் கோபித்துக்கொண்டார். 2016இல் அதே கொப்பிதான், இரண்டு மாதமாக ஒவ்வொரு பயணத்துக்கும் அரை லீற்றர் தண்ணீர் சேர்க்கப்பட்டிருப்பதைக் காட்டியது. வெளியே ஒழுக்கு எதுவும் இல்லை. ஹெட் கஸ்கற் போவதற்கு முன்னரே கழற்றி மாற்றினோம். கோபித்தவரே அதைக் கண்டுபிடித்தவர்.